52-இலிருந்து 28: ஒரு வீட்டுப்பாடம் உருவாகும் விதம்

சத்தியமங்கலம் பக்கத்து வீடுகளில் மாலை ஆறு மணி எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவர், அந்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல வீட்டுப்பாடம் எழுதிக்கொடுக்க முடியாது. மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். பொழுது சாயும்போது அவர்களுக்குக் கண் சொக்கும். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேன் ஏறிப் போனவர்கள் வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். கரும்பு வெட்டுக் காலத்தில் அதுவும் உறுதியில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அப்பாருவும் ஆத்தாவும், அதாவது தாத்தாவும் பாட்டியும்தான். பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ளும், ஆட்டுக்குத் தழை போடும், தண்ணீர் எடுத்து வைக்கும். அதற்கு நடுவில்தான் பையைத் திறக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் வீட்டுப்பாடம் தயாரிக்க உட்காரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல், அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை தானே இதைச் செய்து முடித்துவிடுமா? ஆம் என்றால் கொடுக்கலாம். இல்லை என்றால் அது பெற்றோருக்குக் கொடுத்த பாடம். படித்த பெற்றோர் உள்ள வீட்டில் அது அழகாக முடிந்து வரும், மற்ற வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கும். அதை எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் நடப்பது அதுதான்.

வீட்டுப்பாடம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பாக வந்த வழக்கு அது. பிள்ளையின் புத்தகப் பை எடையைப் பற்றியும் அதில் பேசப்பட்டது. அதன் பிறகு மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் இதையே சொன்னது: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.

அந்த 2 மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு சிறியது என்று புரியும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் நாளொன்றுக்கு 24 நிமிடம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடத்துக்கும் தினமும் கொடுத்தால் ஒரு பாடத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரு பாடத்தை முழுதாகப் பார்த்து எழுதச் சொல்வதெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கவே அடங்காது. அரசு தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடத்தையும் நடத்துகிறார் என்பது இந்த இடத்தில் பெரிய வசதி. இன்றைக்குக் கணக்கு மட்டும், நாளைக்குத் தமிழ் மட்டும் என்று அவரால் முறை வைக்க முடியும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் தனியார் பள்ளிகளில் இதற்காக ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். பேசாத பள்ளியில் பிள்ளையின் மாலை முழுவதும் நோட்டிலேயே போய்விடுகிறது.

குறைவாகக் கொடுத்தால் படிப்பு கெட்டுப்போகும் என்று பயப்படும் பெற்றோர் உண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும், வீட்டுப்பாடத்தைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது, தொடக்க வகுப்புகளில் மிக மெலிதாகவே இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆக எட்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கம் பக்கமாக எழுதக் கொடுப்பதில் லாபம் அதிகம் இல்லை. கொடுப்பது கொஞ்சமாக இருக்கட்டும்; அந்தக் கொஞ்சத்தை யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுதும் பாடம் வேண்டாம் என்பதால் வெறும் கையோடு அனுப்ப வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரு தீப்பெட்டியில் பத்துப் புளியங்கொட்டை போட்டு அனுப்பலாம். அதை இரண்டு குவியலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று பார்த்து வரச் சொல்லலாம். ஏழும் மூன்றும், ஆறும் நான்கும், ஐந்தும் ஐந்தும் என்று கை பழகிய பிள்ளைக்குப் பின்னால் கூட்டலும் கழித்தலும் தடுமாறாது. பல்லாங்குழியும் தாயமும் இதே வேலையைச் செய்பவைதான்; ஆத்தாவோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்து யார் ஜெயித்தது, எத்தனை காய் என்று சொன்னால் போதும்.

எழுத்துக்கும் இப்படிச் செய்யலாம். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல், நேர்க்கோடும் வளைவும் எளிதாக அமைந்த ட, ப, ம போன்ற எழுத்துகளிலிருந்து தொடங்கும் ஆசிரியர்கள் பலர். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் படித்துவிடலாம். பழைய நோட்டு அட்டையை வெட்டி ட, ப, ம, ட், ம் என்று ஐந்து துண்டு எழுதிக் கொடுத்தால், பிள்ளை வீட்டுத் திண்ணையில் அவற்றை மாற்றி மாற்றி அடுக்கும். தானாக ஒரு சொல் அமைந்துவிட்ட பிள்ளை அன்றைக்குத் தூங்கும் வரை அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதைவிடச் சிக்கனமான ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம் உபாத்தியாயர் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று ஏதாவது சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஏடு வேண்டாம், எழுத்தாணி வேண்டாம், உதவிக்கு ஆள் வேண்டாம். அடித்துப் படிக்க வைத்த அந்தப் பள்ளிக்கூடங்களில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதவை நிறைய உண்டு. இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இனி மூன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்குத் தாளைத் தயாரிப்போம். பாடம் கடன் வாங்கிக் கழித்தல். பாடநூல் இனமாற்றம் என்று சொல்கிறது. ஐந்தே கணக்கு.

கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறு கண்டபடி வருவதில்லை. அதற்கென்று சில தடங்கள் இருக்கின்றன. ஒரு தடம்: மேலே 2, கீழே 8 இருந்தால், இரண்டிலிருந்து எட்டு போகாது என்று தெரிந்ததும் எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவது. இன்னொரு தடம்: பத்துகளிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிவிட்டு, கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடுவது. முதல் பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்றால் என்னவென்றே புரியவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, கவனம்தான் ஒரு படி தவறியது. இருவருக்கும் மறுநாள் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

இப்போது எண்களைத் தேர்வு செய்வோம். 52-இலிருந்து 27-ஐக் கழி என்று கொடுத்தால் என்ன ஆகும்? சரியான விடை 25. தலைகீழாகக் கழித்த பிள்ளைக்கு ஒன்றுகளில் 5, பத்துகளில் 3, விடை 35. கடன் வாங்கிக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 12-இல் 7 போக 5, பத்துகளில் 3, அதுவும் 35. இரண்டு தவறும் ஒரே விடையில் வந்து நிற்கின்றன. நோட்டைப் பார்க்கும் ஆசிரியருக்கு எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று தெரியவே தெரியாது.

27-ஐ 28 ஆக்கிப் பாருங்கள். சரியான விடை 24. தலைகீழாகக் கழித்தால் 36. குறைக்க மறந்தால் 34. மூன்று பிள்ளைகள், மூன்று விடைகள். விடையைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடுகிறது. ஒன்றுகள் இடத்து இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதுதான் இரண்டு தவறும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அதை மட்டும் தவிர்த்தால் போதும். ஓர் எண்ணை ஒன்று கூட்டிப் போடுவதால் முப்பது நோட்டும் ஆசிரியரோடு பேச ஆரம்பிக்கின்றன.

அடுத்தது பூச்சியம் வரும் கணக்கு. 40-இலிருந்து 18. சரியான விடை 22. தலைகீழாகக் கழித்தால் 38, குறைக்க மறந்தால் 32. பூச்சியத்திலிருந்து ஒன்றும் கழிக்க முடியாது, எனவே பூச்சியம்தான் என்று எழுதும் பிள்ளைக்கு 30. நான்கு விடைக்கும் நான்கு காரணம்.

தாளின் முதல் கணக்கு இவை இரண்டும் இல்லாமல் 48-இல் 15 போல எளிதாக இருக்க வேண்டும். வகுப்பில் மிகவும் தடுமாறும் பிள்ளைக்கும் முதல் வரி வந்துவிட வேண்டும்; வந்துவிட்டால் இரண்டாவது வரிக்குக் கை தானாகப் போகும். நடுவில் 67-இல் 23 என்று கடன் வாங்கத் தேவையில்லாத ஒன்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் கடன் வாங்கிக்கொண்டே போகும். கடைசியாக ஒரு வாக்கியக் கணக்கு. ‘அம்மா 62 முழம் பூக் கட்டினார். 35 முழம் விற்றுவிட்டது. மீதி எவ்வளவு?’ விடை 27. யாராவது 97 என்று எழுதி வந்தால், கணக்கைப் படிக்காமல் இரண்டு எண்ணைக் கண்டதும் கூட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்குக் கழித்தலை மறுபடி நடத்திப் பயனில்லை, வாசிக்கக் கற்றுத்தர வேண்டும்.

வாக்கியக் கணக்கில் எந்தப் பொருளைப் போடுவது என்பதும் யோசிக்க வேண்டியது. ஆப்பிளும் கேக்கும் புத்தகத்தில் வரலாம், தவறில்லை. ஆனால் முழம் என்பது எவ்வளவு என்று கையால் அளந்து பார்த்த பிள்ளைக்கு, 62 முழத்தில் 35 போனால் 97 மிஞ்சாது என்பது எழுதிய உடனே உறுத்தும். தெரிந்த பொருளைப் போடுவதன் பலன் அதுதான்: விடை சரியா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு, அந்தப் பொருளே சொல்லிவிடுகிறது.

தமிழுக்கு வருவோம். சத்தி வட்டாரத்தில் விளையும் மூன்று பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: மல்லிகை, மஞ்சள், வாழை. மூன்றிலும் மூன்று விதமான லகரம். எந்த ல, எந்த ள, எந்த ழ என்று தடுமாறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மூன்றையும் தலைப்பாகப் போட்டு மூன்று கட்டம் வரைந்து கொடுத்தால் போதும். வீட்டைச் சுற்றிப் பார்த்து, மல்லிகைக் கட்டத்தில் இலை, பால், பல்லி. மஞ்சள் கட்டத்தில் விளக்கு, தேள், புளி. வாழைக் கட்டத்தில் பழம், கோழி, மழை என்று ஒவ்வொன்றிலும் மூன்று சொல் எழுதி வர வேண்டும். ஒன்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். எந்தக் கட்டம் என்று தெரியாத சொல்லைத் தாளின் அடியில் தனியாக எழுதி வரச் சொல்ல வேண்டும். அடியில் வரும் அந்தச் சொற்கள்தான் மறுநாள் வகுப்புக்கான பாடம். ‘தெரியவில்லை’ என்று எழுத ஓர் இடம் இருந்தால் பிள்ளை ஊகித்து எழுதாது, பயமும் போய்விடும்.

இதோடு ஒப்பிட்டால், ஒரு சொல்லைப் பத்து முறை எழுதி வா என்பதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் முறை பிள்ளை சொல்லைப் பார்த்து எழுதுகிறது. இரண்டாவது முறையிலிருந்து தான் எழுதியதைப் பார்த்து எழுதுகிறது. முதல் வரியில் தவறிருந்தால் பத்து வரியிலும் அதே தவறு ஊறிப்போகும். சில பிள்ளைகள் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து முறை, பிறகு இரண்டாவது எழுத்தைப் பத்து முறை என்று எழுதுவார்கள்; அங்கே சொல்லே இல்லாமல் போய்விடுகிறது. இம்போசிஷனை வீட்டுப்பாடம் என்ற பெயரில் கொடுப்பதை எந்தப் பள்ளியிலும் நான் ஏற்க மாட்டேன். எழுதுவதே தண்டனை என்று எட்டு வயதில் பழகிய கை, பிறகு விரும்பி ஒரு வரி எழுத வெகு காலம் ஆகும்.

அப்பாருவும் ஆத்தாவும் உதவிக்கு வரும் வீடுகளில் ஒரு சின்ன விஷயம் நடக்கும். எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது 1978-இல். அதற்கு முன்பு பள்ளிக்கூடம் போனவர்கள் லை, ளை, னை போன்ற எழுத்துகளைத் துதிக்கை வைத்துச் சுழித்து எழுதப் பழகியவர்கள். பேரனுக்குச் சொல்லித்தரும்போது அப்படியே எழுதிக்காட்டுவார்கள். நோட்டில் அந்த வடிவம் வந்தால் சிவப்பு மையால் அடித்துவிடாமல், யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பழைய வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். வீட்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது ஆசிரியருக்குக் கிடைத்த நல்ல செய்தி.

ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதுதான் ஆசிரியருக்குப் பெரிய பாடு. ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் கூடுதல். ஒருவர் இரண்டு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் ஓர் அட்டையை முடித்து அடுத்த அட்டைக்குப் போகும் முறை அது. பிறகு கொரோனாக் காலத்து இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அதற்கேற்ற பயிற்சி நூல்களைக் கொடுத்தார்கள்.

பயிற்சி நூல் கையில் இருக்கும்போது தனியாக வீட்டுப்பாடம் எதற்கு என்று கேட்கலாம். நூல் மாநிலம் முழுமைக்கும் எழுதப்பட்டது. இந்த வகுப்பில் இந்தப் பிள்ளை நேற்று எங்கே தடுக்கியது என்பது அதற்குத் தெரியாது. ஆசிரியர் கையால் எழுதும் நான்கு வரி அந்த இடத்தை நிரப்பத்தான். நிலைக்கு ஒரு தாள் எழுதும்போது தாளின் மேலே அரும்பு, மலர் என்று எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கு எது மேலே, எது கீழே என்று சட்டென்று தெரிந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒருவர் தாளை ஒருவர் பார்த்துச் சொல்லிக் காட்டுவார்கள். ஒரே தாளில் மூன்று பகுதியாகப் போட்டு, எல்லாரும் மேலிருந்து தொடங்கி முடிந்த வரை செய்து வாருங்கள் என்று சொல்வது நல்லது. எங்கே நின்றது என்பதுதான் ஆசிரியருக்கு வேண்டிய தகவல்.

மலைக்குப் போனால் வேறு சில யோசனைகள் சேர்கின்றன. பண்ணாரியைத் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம். அப்புறம் ஆசனூர், தாளவாடி. இந்தப் பக்கம் கடம்பூர் மலை. சத்தியமங்கலம் வனப்பகுதி 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டோர ஊர்களில் பொழுது இறங்கினால் யானை நடமாட்டம். ‘ஐந்து வகை இலை சேகரித்து வா’ என்பது நகரத்துப் பள்ளியில் அழகான பாடம். இங்கே அதை மாலையில் கொடுத்து அனுப்புவது ஆபத்து. அதே பாடத்தைப் பகலில் பள்ளி வளாகத்திலேயே செய்துவிட்டு, அந்த இலையை வீட்டில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் கேட்டு வரச் சொல்லலாம். ஊராளி, சோளகர் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் ஆசிரியராகிவிடுகிறார்.

மொழியும் இங்கே மாறுகிறது. தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. சோளகர் பேச்சும் கன்னடத்துக்கு நெருக்கமானது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையிடம் ‘உன் குடும்பத்தைப் பற்றித் தமிழில் ஐந்து வரி எழுதி வா’ என்றால், சொல்லித்தர ஆளில்லாமல் வெறும் தாள் திரும்பி வரும். படம் வரைந்து வா, பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வா, உங்கள் பேச்சிலேயே கேட்டு வா என்றால் அந்தப் பிள்ளை கை நிறையக் கொண்டுவரும். அதைத் தமிழில் சொல்லவும் எழுதவும் வைப்பது பகலில் வகுப்பறையில் செய்ய வேண்டிய வேலை.

செல்போன் தேவைப்படும் பாடமும் தொடக்கத்தில் கேட்ட அந்த முதல் கேள்வியில் தோற்றுவிடும். கொரோனாக் காலத்தில் வாட்ஸ்ஆப் குழுவில் பாடம் அனுப்பியபோது, போன் அப்பா கையில், அப்பா வேலையில். மலையில் சிக்னலுக்கே மேடு தேட வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலையில் தங்கள் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தந்தார்கள்.

காசு செலவாகும் எதையும் கேட்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சார்ட், தெர்மாகோல், கலர் பென்சில், கடையில் விற்கும் படத் தாள் எல்லாம் கூலி வீட்டில் ஒரு வேளைச் செலவு. கடைக்காரர் தலைவர் படத்தை எடுத்துக் கொடுக்கிறார், அண்ணன் ஒட்டிக் கொடுக்கிறான். பிள்ளை கற்றது என்ன என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஜெராக்ஸ் எடுக்கும் செலவு பல நேரம் ஆசிரியரின் கைக்காசு. அதனால் ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, நான்கு கட்டத்திலும் ஒரே பாடத்தை எழுதி, நகலெடுத்து வெட்டினால் எட்டுத் தாளில் முப்பது பிள்ளைக்கும் வந்துவிடும். கால் தாள் என்றதும் எழுத்தைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் திணிக்கத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து பெரியது. விடைக்கு விடும் இடம் நாம் நினைப்பதைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கழித்தல் கணக்குக்கு ஒன்றுகள், பத்துகள் என்று கோடு கிழித்த கட்டமே கொடுத்துவிட்டால், எண்ணைத் தள்ளி எழுதியதால் வரும் தவறு நின்றுவிடும். மிஞ்சுவது உண்மையான தவறு மட்டும். கட்டளை ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. ‘கீழ்க்காண்பனவற்றைக் கவனமாகப் படித்து உரிய விடையளிக்க’ என்று எழுதினால் பிள்ளை அதைப் படிக்காது. ‘கழித்து எழுது’ என்றால் புரியும். முதல் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவது அதைவிட நல்லது.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் பாடத்தை ஊருக்குள் கொஞ்சம் விரிக்கலாம். பவானிசாகர் அணையின் நீர்மட்டம் நாளிதழில் வருகிறது. முழு அளவு 105 அடி. வீட்டிலோ டீக்கடையிலோ பேப்பர் பார்க்க முடிகிற நான்கைந்து பிள்ளைகள் தினமும் அந்த எண்ணைக் கொண்டுவர, வகுப்பே சேர்ந்து அதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் கட்டம் போட்ட நோட்டில் பட்டை வரைபடம் போடும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம், முழு அளவுக்கு இன்னும் எத்தனை அடி, ஏன் ஏறியது, மலையில் மழையா என்று கேள்விகள் தானாக வரும். கணக்கும் சமூக அறிவியலும் ஒரே தாளில் முடிந்துவிடும். பூ மார்க்கெட் விலையும் இப்படித்தான். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கேயோ போய்விடும், இரண்டு நாளில் இறங்கிவிடும். பூக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் ஆசிரியரைவிட அதிகம் தெரிந்திருக்கும். வகுப்பில் அதைச் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் செய்யலாம்: ஒவ்வொரு தாளிலும் போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதும்படி. படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்க முயல்வது அதிக நாள் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் சோதனை செய்து காட்டினார்கள். அவர்கள் சோதித்தது கல்லூரி மாணவர்களை. தொடக்கப்பள்ளிக்கு அதைச் சின்னதாகச் செய்தால் போதும். அதற்கு மதிப்பெண் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்து அனுப்பிய தாளின் மதிப்பு மறுநாள் காலையில்தான் தெரியும். பள்ளியில் காலை உணவு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வந்ததும் முதல் பத்து நிமிடம் அதற்கு வேண்டும். முப்பது நோட்டையும் மேசையில் அடுக்கி, மாலைக்குள் டிக் அடித்துக் கொடுப்பதால் பயன் குறைவு; அதற்குள் பிள்ளை அதை மறந்திருக்கும். விடையைப் பலகையில் எழுதி, பிள்ளைகளே பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கட்டும். ஆசிரியர் வரிசைக்குள் நடந்துபோய் இரண்டாவது கணக்கான 52-28-ஐ மட்டும் பார்த்தால் போதும். 36 எழுதியவர்கள் யார், 34 எழுதியவர்கள் யார் என்று மனதில் வாங்கிக்கொண்டு, 36 எழுதிய நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும். எட்டுக் குச்சி எடுக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு, கட்டு நான்காகிவிட்டது. பிள்ளையின் கையாலேயே அவிழ்க்க வைக்க வேண்டும். 34 எழுதியவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். ‘கட்டு இப்ப எத்தனை இருக்குது கண்ணு?’ என்று ஒரு கேள்வி கேட்டால் அவர்களே அடித்துத் திருத்திக்கொள்வார்கள்.

தாளே கொண்டுவராத பிள்ளை ஒன்று இரண்டு எப்போதும் இருக்கும். எழுப்பி நிற்க வைத்தால் நாளைக்குப் பள்ளிக்கே வராது. ‘ஏன் செய்யல சாமி, நேத்து வீட்டுல என்ன வேல?’ என்று தனியாகக் கேட்டால், தம்பிக்குக் காய்ச்சல், விளக்கு இல்லை, தோட்டத்துச் சாளைக்குப் போய்விட்டோம் என்று ஏதாவது ஒன்று வரும். கால் தாளை அப்போதே கையில் கொடுத்து, திண்ணையில் உட்கார்ந்து முதல் இரண்டு கணக்கை மட்டும் போடச் சொல்லலாம். ஒரே பிள்ளை வாரத்தில் மூன்று நாள் இப்படி வந்தால், அந்தப் பிள்ளைக்குரிய தாளை மாற்ற வேண்டும்: கணக்கைக் குறைப்பது, அல்லது பள்ளி விடுவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் அங்கேயே செய்ய வைத்து வெறும் கையோடு வீட்டுக்கு அனுப்புவது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது இப்படித் திரும்பி வந்த தாள்களில் நான்கைந்தை, தவறான விடைகளோடு, அப்படியே எடுத்துப் போவது நல்லது. பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடமும் அதே 36 இருக்கும்.